நுண்ணுயிர் ஆய்வுக்கு ஒரு பல்துறைக் குழு: தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி வந்தால் நுண்ணுயிரோடு வேலை செய்பவர்கள் பத்து இடத்திலாவது தென்படுவார்கள். நுண்ணுயிரியல் துறை இருக்கிறது. அது போக மண்ணைப் பார்க்கும் வேளாண்மைக்காரர்கள், கழிவுநீரைப் பார்க்கும் சிவில் துறை, மருந்து மூலக்கூறு தேடும் வேதியியல், படிவுப் பாறை பார்க்கும் நிலவியல், மாட்டின் இரைப்பையைப் பார்க்கும் கால்நடை மருத்துவம். இவர்களில் பலர் ஒருவரை ஒருவர் கேன்டீனில்கூடச் சந்தித்ததில்லை. இவர்களை ஒரே அறையில் உட்கார வைக்கும் குழு ஒன்றைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். மற்ற ஊர்களிலிருந்து பேராசிரியர்களும் மாணவர்களும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நுண்ணுயிரியல் துறைதான் இருக்கிறதே, தனியாக ஒரு குழு எதற்கு?

நுண்ணுயிர் எந்தத் துறையின் எல்லைக்குள்ளும் அடங்குவதில்லை. சிவில் துறை ஆய்வகத்தில் கழிவுநீர் எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று பார்க்க பி.ஓ.டி. சோதனை செய்கிறார்கள். கழிவுநீரைப் புட்டியில் அடைத்து, நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் 3 நாள் வைத்து, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள். அந்த ஆக்சிஜனைத் தின்றது யார்? புட்டிக்குள் இருக்கும் பாக்டீரியாதான். அதாவது சிவில் துறையில் பல வருடமாக ஓடுவது ஒரு நுண்ணுயிர்ச் சோதனை. அந்தப் புட்டியை ஒரு நுண்ணுயிரியலாளர் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். உள்ளே எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று சிவில் பேராசிரியரும் கேட்டிருக்க மாட்டார்.

எங்கள் முதல் கூட்டத்தில் பேச்சு இதிலிருந்துதான் தொடங்கியது. சிவில் துறையிலிருந்து வந்தவர், "எங்களுக்கு எண் வந்தால் போதும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை" என்றார். நுண்ணுயிரியல் பேராசிரியர் ஒருவர், "எங்களுக்கு உள்ளே யார் என்பது மட்டும்தான் கேள்வி, அவர்கள் எவ்வளவு வேகமாகத் தின்கிறார்கள் என்று நாங்கள் கேட்பதே இல்லை" என்றார். இரண்டு பேருமே அவரவர் பாதியை வைத்திருந்தார்கள்.

வெளித்துறைக்காரர்கள் வந்தால் உண்மையிலேயே புதிதாக ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஆழ்கடலில் நடந்தது.

1977-இல் காலபகோஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் விஞ்ஞானிகள் இறங்கினார்கள். கடலடியிலிருந்து வெந்நீர் ஊற்று வருகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். போனவர்கள் நிலவியலாளர்களும் புவிவேதியியலாளர்களும். கப்பலில் ஒரு உயிரியலாளர்கூட இல்லை. ஊற்று இருந்தது. அதைச் சுற்றி யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு உயிர்க்கூட்டமும் இருந்தது. கையளவு சிப்பிகள், வெள்ளைக் குழாய்க்குள்ளிருந்து சிவந்த தலையை நீட்டும் பெரிய புழுக்கள். மேலே கொண்டுவந்த தண்ணீரைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். மாதிரிகளைப் பதப்படுத்தப் போதுமான திரவம் இல்லாமல் ரஷ்ய வோட்காவில் போட்டு வைத்தார்கள்.

அந்தக் குழாய்ப்புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. வெயிலே படாத இடத்தில் அது எதைத் தின்று அவ்வளவு நீளம் வளர்கிறது? 1980-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த மெரிடித் ஜோன்ஸ் ஹார்வர்டில் இந்தப் புழுவைப் பற்றிப் பேசினார். அதன் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருக்கின்றன என்று போகிற போக்கில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கோலீன் கேவனா என்ற முதல் வருட ஆய்வு மாணவி எழுந்து, அப்படியானால் உள்ளே கந்தகத்தை எரித்து உணவு செய்யும் பாக்டீரியா இருக்க வேண்டும் என்றார். ஜோன்ஸ் முதலில் ஏற்கவில்லை. ஆனாலும் பிறகு புழுவின் திசுத்துண்டைக் கொடுத்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் திசு முழுக்க பாக்டீரியா. 1981-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. மாணவியின் பெயர் முதலில் இருந்தது. ஜோன்ஸின் பெயரும் அதில் இருந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் திசுத்துண்டு கை மாறிய அந்தக் கணம். ஏற்காதவரே மாதிரியைக் கொடுத்தார். குழு என்று நான் சொல்வது இதைத்தான்.

இதெல்லாம் தற்செயல் இல்லையா? திட்டமிட்டு நடக்குமா?

கண்டுபிடிப்பைத் திட்டமிட முடியாது. சந்திப்பைத் திட்டமிடலாம்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1970-களில் நடந்ததைப் பாருங்கள். கார்ல் வோஸ் உயிரியற்பியலில் பட்டம் பெற்றவர். எல்லா உயிர்களிலும் புரதம் செய்யும் ரைபோசோம் என்ற செல் உறுப்பின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, யார் யாருக்கு உறவு என்று கண்டுபிடிக்கலாம் என்று அவர் வருடக்கணக்காக முயன்றுகொண்டிருந்தார். ஆர்.என்.ஏ.வில் கதிரியக்க பாஸ்பரஸை ஏற்றி, நொதியால் துண்டு துண்டாக வெட்டி, அவை ஃபிலிமில் பதிக்கும் புள்ளிகளை விளக்குப் பெட்டியின்மேல் வைத்து மணிக்கணக்காக உற்றுப் பார்ப்பார். அவரோடு வேலை செய்த ஜார்ஜ் ஃபாக்ஸ் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங்.

அதே பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வுல்ஃப் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை வளர்ப்பதில் கைதேர்ந்தவர். அவற்றுக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆகாது; வளர்ப்பதே பெரும்பாடு. வுல்ஃபின் மாணவர் வில்லியம் பால்ச், ஹைட்ரஜனை அழுத்தத்தோடு அடைத்து இறுக்க மூடிய கண்ணாடிக் குழாயில் அவற்றை வளர்க்கும் முறையை உருவாக்கினார். மூடியே திறக்காமல் ஊசியால் உள்ளே போடலாம், வெளியே எடுக்கலாம். கதிரியக்கப் பொருளோடு வேலை செய்ய அது ரொம்ப வசதி. அந்தக் குழாய் இல்லாவிட்டால் வோஸின் முறைக்கு இந்த உயிர்கள் கிடைத்திருக்காது. வோஸின் முறை இல்லாவிட்டால் வுல்ஃபுக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரிந்திருக்காது.

முதல் முடிவைப் பார்த்ததும் வோஸ், இவை பாக்டீரியாவே இல்லை என்றார். நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியா மாதிரிதானே இருக்கின்றன என்றார் வுல்ஃப். 1977 நவம்பரில் அறிவித்தார்கள்: உயிரின் மூன்றாவது பெருங்கிளை. இன்று நாம் ஆர்க்கியா என்று பாடம் நடத்துவது அதைத்தான். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியா வுல்ஃபுக்கு ஃபோன் போட்டு, இந்த விஷயத்திலிருந்து விலகிக்கொள், இல்லையென்றால் உன் பேர் கெட்டுவிடும் என்று எச்சரித்ததாக வுல்ஃபே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் விலகவில்லை.

வேறு துறைக்காரரோடு சேர்ந்து வேலை செய்தால் சொந்தத் துறைக்குள்ளேயே ஏச்சு வாங்க நேரும். அதைத் தாங்க ஒரு நட்பு வேண்டும். கூட்டங்களை மாதாமாதம் நடத்தச் சொல்வது இதற்காகவும்தான்.

முதலில் கட்டடம் வேண்டுமா, மையம் வேண்டுமா?

வேண்டாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மரபணு உயிரியல் நிறுவனத்துக்கு வோஸின் பெயர் 2015-இல்தான் வந்தது. அப்போது அவர் உயிரோடும் இல்லை. வேலை நடந்ததோ அதற்கு ஏறக்குறைய 40 வருடம் முன்னால், சாதாரண ஆய்வகங்களில்.

ஹார்வர்டு நிலைமை இன்னும் நமக்கு நெருக்கமானது. அங்கே மருத்துவக் கல்லூரி சார்ல்ஸ் ஆற்றின் ஒரு கரையில் பாஸ்டனில். கலை அறிவியல் துறைகள் மறுகரையில் கேம்பிரிட்ஜில். நோய்க்கிருமி படிப்பவர் ஒரு பக்கம், ஆழ்கடல் பாக்டீரியா படிப்பவர் மறுபக்கம். 2000-களின் தொடக்கத்தில் இவர்களைச் சேர்க்க நுண்ணுயிர் அறிவியல் முன்முயற்சி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் இணை இயக்குநர்களாக இருந்தவர்கள் மருத்துவக் கல்லூரியிலிருந்து ராபர்டோ கோல்ட்டர், மறுகரையிலிருந்து அதே கோலீன் கேவனா. அன்று கேள்வி கேட்ட மாணவி, பிறகு அடுத்தவர்கள் கேள்வி கேட்க இடம் அமைத்துக் கொடுத்தார். எனக்கு இதைவிடப் பொருத்தமான தலைமை தெரியவில்லை. இரண்டு கரைக்கும் ஆளுக்கொரு பொறுப்பாளர் என்பதையும் கவனியுங்கள். ஒரே துறைக்காரர் தலைவரானால் மற்றவர்கள் விருந்தாளிகளாகத்தான் வருவார்கள்.

நமக்குத் தேவை ஒரு அறை, ஒரு கரும்பலகை, மாறாத நாள், மாறாத நேரம். தேதியை ஒவ்வொரு மாதமும் கேட்டுக் கேட்டு முடிவு செய்தால் மூன்றாவது மாதம் கூட்டம் நின்றுவிடும்.

யாரை முதலில் அழைப்பது? துறைத்தலைவர்களையா?

துறைத்தலைவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள், மரியாதைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஆனால் அழைக்க வேண்டியது கையில் வேலை வைத்திருப்பவர்களை: பிஎச்.டி. மாணவர்கள், இளம் உதவிப் பேராசிரியர்கள், முக்கியமாக ஆய்வக உதவியாளர்கள். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ்களில் எது சரியாக வேலை செய்கிறது, எந்த ஃப்ரீசர் ராத்திரி நின்றுபோகும், எந்தத் துறையில் பயன்படாமல் ஒரு நுண்ணோக்கி உறைபோட்டுக் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு புள்ளியியல்காரர். தயவுசெய்து முதல் கூட்டத்திலிருந்தே. சோதனை முடிந்த பிறகு அவரிடம் போனால் கைவிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது.

வேதியியல் துறைக்கு இதில் என்ன ஆர்வம் இருக்கப் போகிறது?

நுண்ணுயிர்கள் பேசிக்கொள்வது வேதிப்பொருளால்தான். அது போதாதா?

இலைவெட்டி எறும்புகள் இலைத்துண்டுகளின்மேல் பூஞ்சையைப் பயிர் செய்து சாப்பிடுகின்றன. அந்தத் தோட்டத்தில் களை மாதிரி இன்னொரு பூஞ்சை வரும். எறும்புகளின் உடம்பில் வெள்ளையாகப் பொடி பூசினதுபோல் இருப்பதை எல்லோரும் மெழுகு என்று நினைத்திருந்தார்கள். அது உயிருள்ள பாக்டீரியாவின் படலம், களைப் பூஞ்சையை அடக்கும் மருந்தை அதுதான் சுரக்கிறது என்று கேமரன் கரி என்ற ஆய்வாளர் 1999-இல் காட்டினார். சரி, அந்த மருந்து எப்படி இருக்கும்? அதற்கு வேதியியலாளர் வேண்டும். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ஜான் கிளார்டி குழு கரியோடு சேர்ந்து, பூஞ்சை வளர்க்கும் வேறொரு எறும்பின் பாக்டீரியாவிலிருந்து அப்படி ஒரு மூலக்கூறைப் பிரித்து, அதன் அமைப்பை 2009-இல் வெளியிட்டது.

கிளார்டியின் பெயர் இன்னொரு இடத்திலும் வருகிறது. பெர்க்லியில் நிகோல் கிங், விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒரு-செல் உயிர்களான கோவனோஃபிளாஜலேட்டுகளைப் படித்துவந்தார். அவை சில சமயம் ரோஜாப்பூ வடிவத்தில் கூட்டமாகச் சேரும், சில சமயம் தனித்தனியாகவே இருக்கும். வளர்ப்புத் திரவத்தில் இருந்த பாக்டீரியாவை மருந்து போட்டு ஒழித்தால் ரோஜா வருவதே இல்லை. ஒரே ஒரு பாக்டீரியா இனத்தைத் திரும்பச் சேர்த்தால் வருகிறது. அந்த பாக்டீரியா கொடுக்கும் சைகை கந்தகம் கொண்ட ஒரு கொழுப்பு மூலக்கூறு என்று கிங்கின் ஆய்வகமும் கிளார்டியின் ஆய்வகமும் சேர்ந்து 2012-இல் கண்டுபிடித்தன. நம்ப முடியாத அளவு சொற்பம் இருந்தாலே அது வேலை செய்கிறது. பலசெல் வாழ்க்கை எப்படித் தொடங்கியிருக்கும் என்ற கேள்விக்கு பாக்டீரியாவின் கொழுப்பிலிருந்து ஒரு துப்பு. இதை எந்த ஒரு துறையும் தனியாகச் செய்திருக்காது.

பொறியியல் துறை?

1968-இல் அதே ஆல்வின் நீர்மூழ்கியைக் கடலில் இறக்கும்போது கம்பி அறுந்து, மூடி திறந்தபடியே மூழ்கிப்போனது. உள்ளே இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள். மதியச் சாப்பாடு உள்ளே மாட்டிக்கொண்டது. சுமார் 1,540 மீட்டர் ஆழத்திலிருந்து பத்து மாதம் கழித்து வெளியே எடுத்தபோது சாண்ட்விச்சும் ஆப்பிளும் சாப்பிடும்படி இருந்தன. குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரத்தில் கெட்டுப்போயின. பொறியாளர்கள் அந்தச் சாப்பாட்டுப் பெட்டியைக் கடாசிவிட்டுப் போயிருக்கலாம். அது ஹோல்கர் யானாஷ் என்ற நுண்ணுயிரியலாளரின் கைக்குப் போனது. ஆழ்கடலில் பாக்டீரியா எவ்வளவு மெதுவாகத் தின்கிறது என்ற ஆய்வு அதிலிருந்து கிளம்பி 1971-இல் வெளியானது. பின்னாளில் கேவனாவின் குழாய்ப்புழுக் கட்டுரையிலும் யானாஷ் ஒரு ஆசிரியர்.

கூட்டத்தில் என்ன பேசுவது? செமினார் போல நடத்தலாமா?

செமினார் ஏற்கனவே போதுமான அளவு நடக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஸ்லைடு கிடையாது. ஒருவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, தன் வேலையில் மாட்டிக்கொண்டு நிற்கும் இடத்தை வரைந்து காட்ட வேண்டும். முடிந்த வேலையைப் பற்றிப் பேச அனுமதி இல்லை. முடிந்த வேலையைக் கேட்பவர் கைதட்டிவிட்டுப் போவார். முடியாத வேலையைக் கேட்பவர் எழுந்து வந்து சாக்பீஸை வாங்குவார்.

இன்னொரு விதியும் உண்டு. எந்தச் சொல்லையும் யார் வேண்டுமானாலும் நிறுத்தி விளக்கம் கேட்கலாம். இது சின்ன விஷயம் இல்லை. "வளர்ச்சி" என்றால் நுண்ணுயிரியலாளருக்கு செல் எண்ணிக்கை கூடுவது, விலங்கியல்காரருக்கு உடல் பெரிதாவது. "இனம்" என்ற சொல்லை வைத்து ஒரு முழுச் சாயங்காலம் போயிற்று. ஒருமுறை "மாதிரி" என்ற சொல்லே குழப்பியது. புள்ளியியல்காரர் ஒரு எண்தொகுப்பை நினைத்துப் பேசினார், நிலவியல்காரர் ஒரு சாக்குப்பை மண்ணை நினைத்துக் கேட்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் இருவருக்கும் விளங்கியது. அந்த அரை மணி நேரம் வீண் என்று நான் நினைக்கவில்லை. கட்டுரை எழுதும்போது தெரியவந்திருந்தால் ஆறு மாதம் போயிருக்கும்.

டீயும் சுண்டலும் கட்டாயம் இருக்கட்டும். வேலை பாதி அங்கேதான் நடக்கிறது.

எல்லோரும் சேர்ந்து செய்ய முதல் வேலை எதுவாக இருக்கலாம்?

வினோகிராட்ஸ்கி தூண். 1880-களில் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி உருவாக்கிய முறை. செலவே இல்லை.

கண்மாய்க்கரையிலோ உப்பங்கழியிலோ கறுத்து நாறும் சேற்றை அள்ளி வாருங்கள். அதில் கிழித்த செய்தித்தாளும், கந்தகத்துக்கு ஒரு முட்டைக் கருவும், சுண்ணாம்புக்குக் கொஞ்சம் பொடித்த முட்டை ஓடும் சேர்த்துப் பிசையுங்கள். உயரமான கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி நிரப்பி, மேலே அதே குளத்துத் தண்ணீரை விரல்கடை உயரம் ஊற்றுங்கள். உள்ளே வாயு உண்டாகும் என்பதால் மூடியைத் திருகி இறுக்காமல் லேசாக மூடி, நேரடி வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, நாற்றம் மட்டும் வரும். அப்புறம் கண்ணாடியோரம் பச்சைத் திட்டு ஒன்று. அதற்கு மேலே கருஞ்சிவப்பு. அடியில் மை போலக் கறுப்பு. ஆறேழு வாரத்தில் பட்டை பட்டையாக நிற்கும்.

எங்கள் ஜாடியை நடைபாதை ஜன்னலில் வைத்திருந்தோம். போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். வேதியியல்காரர், மேலே ஆக்சிஜன், கீழே ஹைட்ரஜன் சல்ஃபைடு, நடுவில் எந்த இடத்தில் மாறுகிறது என்று அளக்க மின்முனையோடு வந்தார். இயற்பியல் மாணவி ஒருத்தி சிவப்புப் பட்டைக்கும் பச்சைப் பட்டைக்கும் எந்த நிற ஒளி போகிறது என்று பார்த்தாள். நிலவியல் பேராசிரியர் கறுப்பைக் காட்டி, "இது இரும்பு சல்ஃபைடு சார், பாறையில் நான் பார்க்கும் பைரைட்டின் குழந்தைப் பருவம்" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு ஜாடிச் சேற்றில் ஐந்து துறைக்கு வேலை இருந்தது. யாரும் யாரையும் வற்புறுத்தி அழைக்கவில்லை.

கோடைப் பயிற்சி நடத்தினால் உதவுமா?

ரொம்ப உதவும். இதில் ஒரு குரு பரம்பரையே இருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நுண்ணுயிரியலாளர் பெய்ரிங்க், அவருக்குப் பின் கிளைவர். கிளைவரின் மாணவர் வான் நீல் அமெரிக்கா போய், கலிஃபோர்னியா கடற்கரையில் ஸ்டான்ஃபோர்டின் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் கோடைதோறும் நுண்ணுயிரியல் பாடம் நடத்தினார். உயிர்வேதியியலாளர் ஆர்தர் கோர்ன்பெர்க் உட்படப் பல துறைக்காரர்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். மீத்தேன் நுண்ணுயிர் வளர்த்த ரால்ஃப் வுல்ஃபும் அதில் படித்தவர். மசாசூசெட்ஸின் வுட்ஸ் ஹோலில் இதே பாணிப் பயிற்சியை 1971-இல் தொடங்கியவர் அந்தச் சாப்பாட்டுப் பெட்டி யானாஷ். 1980-களில் வுல்ஃப் அதை நடத்தியவர்களில் ஒருவர். இன்றும் ஆறரை வாரம், சுமார் 20 மாணவர்கள், பக்கத்துச் சதுப்பு நிலத்துச் சேறு.

நமக்கு ஆறரை வாரம் முடியாது. பத்து நாள் போதும். ஆனால் பாதி மாணவர்களாவது நுண்ணுயிரியல் படிக்காதவர்களாக இருக்க வேண்டும். எல்லோரும் சேற்றில் இறங்க வேண்டும், பேராசிரியர்கள் உட்பட. முழங்கால் வரை சேற்றில் நின்றபின் யாரும் யாரிடமும் பந்தா காட்ட மாட்டார்கள்.

இரண்டு கைடுக்கு நடுவில் மாணவர் நசுங்கிவிட மாட்டாரா?

நசுங்குவார், நாம் கவனிக்காவிட்டால். நானே பார்த்திருக்கிறேன். ஒரு மாணவி இரண்டு துறைக்கு நடுவில் சேர்ந்தாள். ஒருவர் நுண்ணுயிரைத் தனியாகப் பிரித்து வளர்க்கச் சொன்னார், இன்னொருவர் டி.என்.ஏ. வரிசை மட்டும் போதும் என்றார். இரண்டு பேரும் நேரில் பேசிக்கொள்ளவே இல்லை; எல்லாச் செய்தியும் அவள் வழியாகத்தான் போனது. ஒன்றரை வருடம் வீணானது. அதில் எனக்கும் பங்கு உண்டு. குழுவில் அவளைச் சேர்த்துவிட்ட நான், எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை.

இப்போது எங்கள் விதி: இரண்டு கைடுகளும் மாணவரோடு ஒரே மேஜையில் மாதம் ஒருமுறை உட்கார வேண்டும். உட்கார முடியாதவர்கள் இணை கைடாக இருக்க வேண்டாம். யார் முதன்மை கைடு, ஆய்வேடு எந்தத் துறையின் விதிப்படி, எந்த ஆய்வகத்தில் மேஜை என்பதெல்லாம் சேரும் அன்றே தாளில் எழுதப்படும். மாணவர் கையில் ஒரு பிரதி இருக்கும்.

கட்டுரையில் யார் பெயர் முதலில்?

வேலை தொடங்கும்முன் பேசிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், முடிந்த பிறகு பேசினால் அதைவிடச் சங்கடம். துறைக்குத் துறை வழக்கம் வேறு: கணிதக்காரர்கள் பெயரை அகரவரிசையில் போடுவார்கள், நம் பக்கம் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் மதிப்பு. இது தெரியாமலே மனஸ்தாபம் வந்த இடங்கள் உண்டு. மாதிரி சேகரித்தவரையும், வளர்த்துக் கொடுத்தவரையும் விட்டுவிடாதீர்கள்.

கல்ச்சர்களை, அதாவது வளர்த்து வைத்த நுண்ணுயிர்களை, எப்படிப் பகிர்வது? கொடுத்தால் திரும்ப வருமா?

கொடுங்கள். ஆனால் எழுதிக் கொடுங்கள். எங்கிருந்து, எந்தத் தேதியில், எந்த வெப்பநிலையில், எந்த வளர்ப்பு ஊடகத்தில், யார் எடுத்தது என்ற ஐந்தும் குழாயோடு போக வேண்டும். கிளிசரால் சேர்த்து -80 டிகிரியில் இரண்டு பிரதி, இரண்டு வேறு கட்டடத்தில். மின்வெட்டு ஒரு கட்டடத்தோடு போகட்டும்.

பொதுச் சேமிப்பில் வைப்பது இன்னும் நல்லது. நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கும் அவருடைய இளநிலை மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் 1960-களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலிருந்து தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவை எடுத்து, 1969-இல் அறிவித்து, பொதுக் கல்ச்சர் சேமிப்பில் வைத்தார்கள். அப்போது அதற்கு ஒரு பயனும் தெரியாது. பல வருடம் கழித்து, டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்குச் சூடு தாங்கும் நொதி தேவைப்பட்டபோது, அங்கிருந்து கிடைத்தது. கொரோனா காலத்தில் நம் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டுச் செய்த சோதனை அந்த முறைதான். நம் நாட்டில் 1986 முதல் சண்டிகரில் எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பு இருக்கிறது. நல்ல இனம் கிடைத்தால் அங்கே ஒரு பிரதி போகட்டும்.

வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்புவதானால் உயிரியல் பன்முகச் சட்டம் 2002 குறுக்கே வரும். அதை நடைமுறைப்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. கூரியரில் போட்டபின் யோசிக்க வேண்டாம், முன்னாலேயே விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு?

வெளித்துறைக்காரர்கள் முதல்முறை ஆய்வகத்துக்குள் வரும் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நுண்ணுயிர் வளர்க்கும் பெட்ரி தட்டை மூடி திறந்து முகர்ந்து பார்க்கும் ஆள் ஒருவராவது இருப்பார். மண்ணிலிருந்து வளர்வதெல்லாம் சாதுவானது இல்லை. மரபணு மாற்றும் வேலை என்றால் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

நிதி எங்கிருந்து?

முதல் இரண்டு வருடத்துக்கு டீச் செலவு மட்டும்தான். அதற்குள் இரண்டு துறை சேர்ந்து எடுத்த ஒரு நல்ல படமோ வரைபடமோ கையில் இருக்கும். அதை வைத்து விண்ணப்பியுங்கள். நிதிக்காகக் கூடிய குழு நிதி முடிந்த மாதமே கலைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

சின்னக் கல்லூரியில் இது முடியுமா?

சொல்லப்போனால் சின்னக் கல்லூரியில் இன்னும் சுலபம். எல்லோரும் ஒரே மாடிப்படியில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

குழு நன்றாகப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டுரை எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை, அது மெதுவாகத்தான் வரும். எங்கள் ஃப்ரீசர் கதவில் ஒரு நோட்டு தொங்குகிறது. எந்தக் குழாய், யாரிடமிருந்து யாருக்கு, என்று தேதி. முதல் வருடம் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை, எழுதியிருந்ததில் பாதி என் கையெழுத்து. இப்போது எனக்கு அடையாளமே தெரியாத கையெழுத்துகள் இருக்கின்றன. போன மாதம் கால்நடைத் துறையிலிருந்து சிவில் துறைக்கு எதுவோ போயிருக்கிறது, என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நான் மாணவர்தான். எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

குழாய்ப்புழுவைப் பற்றிக் கேட்டபோது கேவனாவும் முதல் வருட மாணவிதான்.

உங்கள் ஆய்வில் புரியாமல் கிடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் வந்த விசித்திரமான நிறம், கணக்கில் உதைக்கும் ஒரு எண், எதுவானாலும் சரி. உங்கள் கைடிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதைத் தட்டோடு, இறுக்க மூடி டேப் ஒட்டி, அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோங்கள். மத்தியானம் மூன்றரை மணிக்குப் போனால் டீ நேரம், ஆட்கள் இருப்பார்கள். "இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் பார்த்தால் என்னவாகத் தெரிகிறது?" என்று கேளுங்கள். முதல் கதவில் ஆள் இல்லாவிட்டால் அடுத்த கதவைத் தட்டுங்கள்.